ஹாலோவீன் இரவில் ஓர் ஐரிஷ் பந்தி

ஐரிஷ் சாப்பாட்டு விருந்து வைக்கப்போகிறேன் என்று சொன்னதும், அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அக்கா, நாங்க மாட்டுக்கறி சாப்பிட மாட்டோமே, எங்களுக்கு என்ன இருக்கும்?" ஐரிஷ் உணவென்றால் இறைச்சியும் கறுப்பு பீரும் என்பதுதான் வெளியே பரவியிருக்கும் எண்ணம். மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள் அன்று பச்சை உடுத்திக்கொண்டு உப்பில் ஊறிய மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சாப்பிடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் மக்கள் அங்கே பிடித்துக்கொண்ட பழக்கம். இங்கே முட்டைக்கோசுக்குத் துணை பன்றி இறைச்சி. ஆனால் இந்த நாட்டின் மிகப் பழைய பண்டிகைகளில் ஒன்றுக்குரிய சாப்பாட்டில் இறைச்சியே கிடையாது. அக்டோபர் 31 இரவுச் சாப்பாடு அது. எங்கள் வீட்டு விருந்துக்கு நான் பிடித்துக்கொண்டது அந்த நாளைத்தான்.

ஹாலோவீன் என்றால் பூசணிக்காயும் பேய் முகமூடியும் மிட்டாயும் என்று உலகம் தெரிந்துவைத்திருக்கிறது. இங்கே அதற்கு வேர் சௌவின். அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாள். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே அதுதான் பெயர். அன்று இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு மெலிந்துவிடும், செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவம் வந்து நவம்பர் 1ஐப் புனிதர் அனைவரின் திருநாளாக ஆக்கியது. திருநாளுக்கு முந்தின நாள் விரதம், அதனால் இறைச்சி கூடாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த விரதத்தைக் கடைப்பிடித்தார்கள். இறைச்சி இல்லை, ஆனால் பண்டிகை உண்டு. அப்படியொரு நாளில் ஏழை விவசாயி வீட்டில் என்ன சமைப்பார்கள்? புதிதாகத் தோண்டிய உருளைக்கிழங்கு, தோட்டத்துக் கீரை, பால், வெண்ணெய், மரத்திலிருந்து இறக்கிய ஆப்பிள். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு ஒரு முழு விருந்தையே கட்டியிருக்கிறார்கள்.

ஐந்தே பொருள் என்பதால் சமையல் சுலபம் என்று நினைக்கக் கூடாது. மிளகாயும் புளியும் மசாலாவும் இல்லாத சமையலில் ஒவ்வொரு பொருளும் தன் சுவையோடு தனியாக நிற்கிறது. கிழங்கு சுமாராக இருந்தால் அதை மறைக்க எதுவும் இல்லை. அதனால் இந்த விருந்தில் பாதி வேலை கடையிலேயே நடக்கிறது.

கார்க் நகரின் நடுவில் இருக்கும் இங்கிலீஷ் மார்க்கெட் 1788இல் தொடங்கியது. மேலே கண்ணாடிக் கூரை, நடுவில் ஒரு நீரூற்று, மீன் கடைகள் வரிசையாக. அங்கே ஒரு கடையில் வெண்ணெய் தடவிய முட்டை கிடைக்கும். கோழி இட்ட சூட்டோடு முட்டையை எடுத்து, கையில் கொஞ்சம் வெண்ணெய் வைத்து உருட்டுவார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு முட்டை வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு முந்தைய வித்தை, கார்க்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓடு மெருகேற்றினது போலப் பளபளக்கும். உடைத்துப் பார்த்தால் வெள்ளைக் கருவிலேயே லேசாக வெண்ணெய் வாசம் வரும்.

கிழங்கு விஷயத்தில் ஐரிஷ் மக்கள் நாம் அரிசியில் காட்டும் கண்டிப்பைக் காட்டுகிறார்கள். வெந்ததும் மாவாக உதிரவேண்டும். தோல் தானாக வெடித்துச் சிரிக்கவேண்டும். அப்படி வெந்த கிழங்கை "மாவு உருண்டை" என்று சொல்லிப் பாராட்டுவார்கள். கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர், ரூஸ்டர் என்று ரகம் ரகமாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். ரூஸ்டர் கார்லோ மாவட்டத்து ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டது, 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. இன்று எந்தக் கடைக்குப் போனாலும் அந்தச் சிவப்புத் தோல் கிழங்குதான் முன்னால் நிற்கும். நான் விருந்துக்கு வாங்குவது கெர்ஸ் பிங்க். தண்ணீரில் கொதிக்கவிட்டால் சட்டென்று கரைந்துபோகும், கொஞ்சம் பக்குவம் வேண்டும். ஆனால் ருசியில் அதை அடிக்க ஆளில்லை.

வெண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1770இல் தொடங்கிய கார்க் வெண்ணெய்ச் சந்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்திலேயே மிகப் பெரியது. சுற்று வட்டாரத்திலிருந்து மரப்பீப்பாய்களில் வெண்ணெய் வரும், தரம் பிரித்து முத்திரை போட்டுக் கப்பலேற்றுவார்கள். மாடுகள் வருஷத்தில் பெரும்பகுதி வெளியே புல் மேய்வதால் இங்குள்ள வெண்ணெய்க்கு நல்ல மஞ்சள் நிறம் உண்டு. இந்த விருந்துக்கு உப்பு போட்ட வெண்ணெய்தான் சரி. பத்துப் பேருக்கு அரைக் கிலோ வாங்குங்கள். பயப்படாதீர்கள், மீதி இருக்காது.

அன்று கார்க்கில் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளிரில் வருகிறவர்களுக்குக் கதவு திறந்ததும் சூடாக எதையாவது கொடுக்கவேண்டும். அதற்கு பாக்ஸ்டி. லீட்ரிம், கேவன் பக்கத்துப் பலகாரம். பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியில் படிந்த வெள்ளை மாவைத் திரும்பச் சேர்க்கவேண்டும். அதோடு மசித்த கிழங்கு, கோதுமை மாவு, மோர். கல்லில் ஊற்றி இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டால் ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று இருக்கும். கூடவே சோடா ரொட்டி. அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் போட்டு உப்பவைக்க அவ்வளவு தோதுப்படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமையல் சோடா வந்ததும், அதையும் மோரையும் சேர்த்து வீட்டுக்கு வீடு ரொட்டி சுட ஆரம்பித்தார்கள். அடுப்பில் தொங்கும் இரும்புப் பானையில் மாவை வைத்து, மூடிமேல் கரிக்கட்டி நெருப்பை அள்ளிப் போட்டு வேகவைத்த ரொட்டி அது. மேலே ஆழமாகச் சிலுவை கீறுவது தேவதைகள் வெளியேற என்பார்கள். நடுப்பகுதிவரை சூடு இறங்குவதற்கும் அந்தக் கீறல்தான் வழி. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ரொட்டியோடு புகையூட்டிய கானாங்கெளுத்தி வைத்தேன். விரத நாளில் மீனுக்குத் தடை இல்லை.

இனி கொல்கேனன், அதாவது கேல் என்ற கீரை சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு. விருந்தின் தலைவாசல் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பத்துப் பேருக்கு இரண்டரைக் கிலோ கிழங்கு. தோலோடு போடவேண்டும். உப்புத் தண்ணீரில் பாதி வெந்ததும் தண்ணீரை முக்கால்வாசி வடித்துவிட்டு, சின்னத் தீயில் மூடிவைத்து ஆவியிலேயே வேகவிடவேண்டும். கடைசியில் மீதித் தண்ணீரையும் வடித்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு துணியைப் போட்டால் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். இதற்கிடையில் அரைக் கிலோ கேல் கீரையின் நடுத் தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையை உப்பு போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, ஒட்டப் பிழிந்து பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். பனி ஒருமுறை விழுந்த பிறகு பறித்த கேலுக்கு ஓர் இனிப்பு உண்டு. அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பால் எடுத்து, இரண்டு கட்டு வெங்காயத்தாளை நறுக்கிப்போட்டு, கொதி வரும்வரை காய்ச்சி இறக்கி மூடிவையுங்கள். பச்சை வாசனை போய், பால் முழுக்க வெங்காயத்தாள் மணம் ஏறிவிடும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். மசிக்கும் வேலையை, விருந்தாளிகளை மேசையில் உட்காரவைத்த பிறகே தொடங்கவேண்டும். கிழங்கை முள்கரண்டியில் குத்தி எடுத்து, கை சுடச்சுடத் தோலை உரித்து, கையால் மசிக்கவேண்டும். மிக்ஸி கூடவே கூடாது, பசை மாதிரி ஆகிவிடும். காய்ச்சிய பாலைச் சூடாகவே ஊற்றவேண்டும். ஆறின பால் ஊற்றினால் கிழங்கு இறுகிக்கொள்ளும். அப்புறம் கேலைச் சேர்த்து, உப்பும் மிளகும் போட்டு, மரக்கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றினால் வெள்ளையும் கரும்பச்சையுமாகத் திரண்டு வரும். ஒவ்வொரு தட்டிலும் குவித்துவைத்து, நடுவில் கரண்டியின் முதுகால் ஒரு குழி. அந்தக் குழியில் ஒரு பெரிய கட்டி வெண்ணெய்.

மேசையில் தட்டு வந்ததும் வெண்ணெய் உருக ஆரம்பிக்கும். முதலில் ஓரங்கள் கண்ணாடி மாதிரி தெளியும், பிறகு குழி முழுக்க மஞ்சள் குளம். சாப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளி ஓரத்திலிருந்து கரண்டியால் எடுத்து, நடுக் குளத்தில் தொட்டுச் சாப்பிடவேண்டும். கரை உடைந்து வெண்ணெய் வழிந்துவிடாமல் கடைசி வாய்வரை காப்பாற்றுவதுதான் சாமர்த்தியம். எங்கள் மேசையில் இதைச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. அவர் கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பிறந்து வளர்ந்தவர், வயது எண்பதை நெருங்குகிறது. அவர் செய்துகாட்ட, மாட்டுக்கறி பற்றிக் கேட்ட குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டும் கரை உடையாமல் சாப்பிடுவதில் போட்டி போட்டன. "அக்கா, நம்ம வீட்டுல இத்தனை உருளைக்கிழங்கு வாங்குறோம், ஒருநாளும் இப்படிப் பண்ணினதில்லையே" என்றாள் பிள்ளைகளின் அம்மா. இரண்டாம் தடவை எல்லாரும் கேட்டு வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் கொல்கேனனுக்குள் மோதிரம் ஒளித்துவைப்பதும் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்கள் முதல் கரண்டியையும் கடைசிக் கரண்டியையும் காலுறையில் போட்டு வாசற்கதவில் தொங்கவிடுவார்கள். அதற்குப் பிறகு முதலில் உள்ளே நுழைகிறவன்தான் மாப்பிள்ளை.

பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்ததும் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். யாரும் வரவேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, போனவர்களுக்கு என்றார். அவருடைய சின்ன வயதில் அவர் அம்மா இந்த நாட்களில் கதவைத் தாழ் போடமாட்டாராம். அடுப்பில் நெருப்பு இருக்கவேண்டும், மேசையில் சாப்பாடும் தண்ணீரும் இருக்கவேண்டும். சில ஊர்களில் ஒரு தட்டு கிழங்கைக் கரண்டியோடு கொண்டுபோய் ஹாதார்ன் முள்மரத்தடியில் வைப்பதும் உண்டு. மேசையிலிருந்த தமிழர்கள் யாருக்கும் இதை விளக்கவேண்டியிருக்கவில்லை. படையல் போட்டு வளர்ந்தவர்கள் நாம். என் கணவரே எழுந்து தட்டு எடுத்துவந்து, முதல் கொல்கேனனை அதில் வைத்தார். அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

அந்தத் தட்டில் உருளைக்கிழங்கு இருப்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. பஞ்சத்துக்கு முன்னால் இந்த நாட்டு ஏழை உழைப்பாளி ஒரு நாளைக்கு ஐந்து கிலோ வரை உருளைக்கிழங்கு சாப்பிட்டான், மோரைத் தொட்டுக்கொண்டு. அவனுக்கு வேறு உணவே இல்லை. நிலம் நிலப்பிரபுவுடையது, தானியமும் வெண்ணெயும் மாடும் வாடகை கட்டப் போய்விடும். 1845இல் கிழங்கில் அழுகல் நோய் வந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். அந்த வருஷங்களிலும் கார்க் துறைமுகத்திலிருந்து வெண்ணெய் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. 1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். வடக்கையும் தெற்கையும் சேர்த்து எண்ணினாலும் இன்று அது 70 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. 180 வருஷம் ஆகியும் அந்தப் பள்ளம் தூரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் ஊர் ஸ்கிபரீன் பக்கம். பஞ்சம் மிகக் கொடூரமாக அடித்த இடங்களில் ஒன்று. அங்கே அபிஸ்ட்ரூரி இடுகாட்டில் 8,000இலிருந்து 10,000 பேர்வரை பெயரில்லாமல் மொத்தமாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இப்போது அது வெறும் புல்வெளி, பக்கத்தில் ஆறு. அவருடைய குடும்பத்தில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லையாம். ஆனால் தட்டில் கிழங்கை மிச்சம் வைத்தால் மட்டும் அவர் பாட்டி விடமாட்டாராம்.

மேசையில் பேச்சு அப்படியே உதவி செய்தவர்கள் பக்கம் போனது. 1846இல் கல்கத்தாவில் அயர்லாந்துப் பஞ்சத்துக்காக நிதி திரட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களும் கொடுத்தார்கள், இந்தியர்களும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டு எத்தனையோ பேரைப் பறிகொடுத்திருந்த அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டா மக்கள் 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். கார்க்கிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடக்கூடிய மிடில்டனில் அதற்கு ஒரு நினைவுச் சிற்பம் இருக்கிறது. ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நின்று ஒரு கிண்ண வடிவத்தைக் காட்டும். உள்ளே போய் நிற்கலாம். கார்க்குக்கு வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் பிளார்னி கோட்டையின் புகழ்பெற்ற கல்லை முத்தமிடுவதற்கு முன்னால் இங்கே போய்வாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

பட்டினியால் செத்தவர்களுக்கு விருந்தின் முதல் தட்டு, அதுவும் அவர்களைக் கைவிட்ட அதே கிழங்கில், அவர்கள் கண்முன்னே கப்பலேறிப் போன அதே வெண்ணெயோடு. இந்தச் சாப்பாட்டை எளிமையானது, சப்பென்றிருப்பது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஐரிஷ் வீட்டுச் சமையலுக்கு அதற்குரிய மரியாதையை மீட்டுக்கொடுத்தவர் என்று மர்ட்டில் ஆலனைச் சொல்வார்கள். கிழக்குக் கார்க்கில் பாலிமலூ என்ற பண்ணை வீட்டின் சாப்பாட்டு அறையை 1964இல் உணவகமாகத் திறந்து, பக்கத்து வயலில் விளைந்ததையும் பக்கத்துக் கடலில் பிடித்ததையும் பரிமாறினார். கடற்பாசியில் செய்யும் கேரகீன் பால் புட்டிங்கை அங்கே விருந்துப் பண்டமாக வைத்தார்கள். வெளியூர் ஆடம்பரம் எதையும் கடன் வாங்காமல் வீட்டில் இருப்பதைச் சரியாகச் செய்வது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கடைசியாக பாம்பிராக், உலர் திராட்சை போட்ட இனிப்பு ரொட்டி. ஹாலோவீனுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பிருந்தே எல்லாக் கடைகளிலும் குவித்திருப்பார்கள். வீட்டில் செய்ய முந்தின இரவே வேலை தொடங்கவேண்டும். 350 கிராம் உலர் திராட்சையைக் கடுங்காபி நிறத்துக்குக் காய்ச்சிய பால் விடாத தேயிலைத் தண்ணீரில், ஒன்றேகால் டம்ளர் இருக்கும், ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் திராட்சை குண்டு குண்டாக உப்பியிருக்கும். பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய் தடவிய அந்த முட்டை ஒன்று, தானாகவே எழும்பும் (self-raising) கோதுமை மாவு, பட்டை ஜாதிக்காய் கிராம்புப் பொடி சேர்த்துக் கிளறி, மிதமான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓவனில் வேகவேண்டும். வெளியே எடுத்ததும் சர்க்கரைப் பாகை மேலே தடவினால் மினுமினுக்கும். பண்டைய முறையில் உள்ளே பல பொருள்களை வைப்பார்கள். மோதிரம் கிடைத்தால் வருஷத்துக்குள் கல்யாணம், காசு கிடைத்தால் பணம், துணிக் கிழிசல் கிடைத்தால் வறுமை, பட்டாணி கிடைத்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. கடையில் விற்பதில் இப்போது மோதிரம் மட்டும்தான். நான் மோதிரமும் காசும் வைத்தேன், நல்லதாக இருப்பதை மட்டும். எண்ணெய்த் தாளில் நன்றாகச் சுற்றி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெட்டும்போதே சொல்லிவிடுங்கள், மென்று சாப்பிட.

பாம்பிராக்குக்கு வெண்ணெயும் தேநீரும் துணை. கார்க்கில் தேநீர் என்றால் 1901இலிருந்து இங்கே இருக்கும் பேரிஸ் டீதான். நல்ல கெட்டிச் சாயம், பால் ஊற்றினாலும் நிறம் குறையாது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே மடக்கில் பிடித்துப்போகும். காசு சின்னப் பெண்ணுக்குக் கிடைத்தது. மோதிரம் இங்கே மேல்படிப்பு படிக்க வந்திருக்கும் பையனுக்கு. காது சிவந்துபோனான். "தம்பி, இப்பவே அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிரு" என்று ஆளாளுக்குச் சொல்ல, பக்கத்து வீட்டு அம்மா என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தானும் அவன் கையைப் பிடித்து வாழ்த்தினார். அப்புறம் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஆப்பிளைக் கையைப் பயன்படுத்தாமல் கடிக்கும் விளையாட்டு. டேனியல் மக்லீஸ் என்ற கார்க் ஓவியர், 1832இல் பிளார்னியில் ஒரு வீட்டு ஹாலோவீன் கொண்டாட்டத்துக்குப் போய், அங்கே பார்த்ததை அடுத்த வருஷம் பெரிய ஓவியமாக வரைந்தார். அதிலும் இந்த ஆப்பிள் விளையாட்டு இருக்கிறது.

கொல்கேனன் மிஞ்சினால் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் காலை வாணலியில் வெண்ணெய் போட்டு, வட்டமாகத் தட்டி, அடி சிவக்கும்வரை அப்படியே விட்டுத் திருப்புங்கள். மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் காலைச் சாப்பாடு முடிந்தது. எங்கள் வீட்டில் படையல் தட்டில் இருந்ததையும் அப்படித்தான் பகிர்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த விருந்துக்குத் தேதியும் அன்றே முடிவாகிவிட்டது. ஜனவரி 6, பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க், கெர்ரி பக்கம் விடாமல் கொண்டாடுகிறார்கள். பண்டிகைக் காலம் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அன்று ஓய்வு, வீட்டு வேலையெல்லாம் ஆண்களுடையது. என் கணவர் பாக்ஸ்டிக்குக் கிழங்கு துருவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மோதிரக்காரத் தம்பிக்கு ரொட்டி. பெண்கள் நாங்கள் 6 மணிக்கு நேராக மேசைக்கு வருகிறோம்.